டிஸ்ட்ரிக்ட் 9: கையெழுத்து வாங்க வந்தவன்

வாசகர் கேள்வி, மார்ச் 3

நிறவெறியைக் கண்டிக்கும் அறிவியல் புனைவு என்று எல்லோரும் புகழ்ந்ததால் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ பார்த்தேன். வேற்றுக்கோளவாசிகளைக் குடிசைகளில் அடைத்துவைப்பது கொடுமை என்று சொல்லும் அதே படம், நைஜீரியர்களை நெஞ்சில் ஈரமே இல்லாத கும்பலாகக் காட்டுகிறது. பாதிக்குப் பிறகு வெறும் துப்பாக்கிச் சண்டை. இதை எப்படிச் சமூகப் படம் என்கிறீர்கள்?

மார்ச் 3, இரவு

நைஜீரியர்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. அதற்குத் தனியாக வருகிறேன். ஆனால் இது சமூகப் படமே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியாது.

முதல் அரை மணி நேரத்தை மறுபடி பாருங்கள். முகாமை நிர்வகிக்கும் தனியார் நிறுவனத்தின் அலுவலர் விக்கஸ் வான் டெ மெர்வ தாள்கட்டோடு குடிசை குடிசையாகப் போகிறான். கதவைத் தட்டுகிறான், சிரிக்கிறான், கேமராவைப் பார்த்து விளக்கம் சொல்கிறான், கையெழுத்துக் கேட்கிறான். அவனுக்குப் பின்னால் ஆயுதம் தாங்கிய ஆட்கள் நிற்கிறார்கள். 1982இல் ஜோகன்னஸ்பர்க் வானில் வந்து நின்ற கலத்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் டிஸ்ட்ரிக்ட் 9 என்ற முகாமில் இப்போது 18 லட்சம் பேராகப் பெருகியிருக்கிறார்கள். அவர்களை நகரத்தை விட்டு வெகு தொலைவில் உள்ள இன்னொரு முகாமுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு அவர்களே சம்மதித்தது போல ஒரு தாள் வேண்டும்.

விக்கஸ் யாரையும் வெறுக்கவில்லை. முட்டைகள் நிறைந்த குடிசைக்குத் தீ வைத்துவிட்டு, அவை வெடிக்கும் ஓசை சோளப்பொரி பொரிவதைப் போல இருக்கிறது என்று உற்சாகமாகச் சொல்கிறான். அவனுக்கு அது வேலை நாள். பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, வீட்டில் மனைவி காத்திருக்கிறாள். இனவாதத்தைப் பற்றிய பல படங்களில் கொடியவன் கண்களை உருட்டிக்கொண்டு வருவான், நாமும் அவனிடமிருந்து விலகி நின்று பார்ப்போம். இங்கே அப்படி விலக முடியவில்லை. அந்த மனிதனை நான் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். பிறந்தநாளுக்கு முதல் ஆளாகக் கை குலுக்குபவன் அவன்தான்.

மார்ச் 4

கேப் டவுனில் நடந்த உண்மைச் சம்பவத்தின் கதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு திருத்தம். பெயர் கேப் டவுனை நினைவூட்டுகிறது, கதை நடப்பது ஜோகன்னஸ்பர்க்கில்.

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்பது கேப் டவுன் நகரின் நடுவில், மலைக்கும் துறைமுகத்துக்கும் இடையே பல இனத்தவரும் பல மதத்தவரும் கலந்து வாழ்ந்த பகுதி. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின்படி, 1966 பிப்ரவரி 11 அன்று அது வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் 60,000க்கும் மேற்பட்டவர்கள் கேப் ஃபிளாட்ஸ் என்ற மணற்பரப்புக்கு அனுப்பப்பட்டார்கள். வீடுகளைப் புல்டோசர் தள்ளியது. தேவாலயங்களையும் மசூதிகளையும் விட்டுவைத்தார்கள். இடித்த நிலத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தது. யாருக்காக அத்தனை பேரைப் பெயர்த்தார்களோ அவர்களும் அங்கே வந்து குடியேறவில்லை. 1994இல் பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் அந்த மக்களின் நினைவாக அருங்காட்சியகம் திறந்தார்கள்.

ஆகவே, தென்னாப்பிரிக்கர் ஒருவருக்கு இந்தத் தலைப்பைக் கேட்டவுடனேயே என்ன கதை என்று தெரிந்துவிடும். நமக்குத்தான் அது வெறும் எண்ணாகத் தெரிகிறது.

மார்ச் 4, பிற்பகல்

செலவு பற்றிக் கேட்டவருக்கு: ஏறத்தாழ 3 கோடி டாலர். ஹாலிவுட் கணக்கில் சிறிய தொகை. பீட்டர் ஜாக்சன் தயாரித்தார். இயக்குநர் நீல் ப்ளோம்காம்ப் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, பதின்வயதின் இறுதியில் கனடாவுக்குப் போனவர். இது அவரது முதல் முழுநீளப் படம். விக்கஸாக நடித்த ஷார்ல்டோ கோப்லிக்கு அதற்கு முன் நடிப்பு அனுபவம் இல்லை என்றே சொல்லலாம்; வசனங்களில் பெரும்பகுதி அவர் அந்த இடத்திலேயே பேசியது. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, விருது எதுவும் கிடைக்கவில்லை.

மார்ச் 6

விக்கஸை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள், அவன் கோமாளிதானே என்று கேட்டிருக்கிறார்கள். வான் டெர் மெர்வ என்பது தென்னாப்பிரிக்கத் துணுக்குகளில் ஏமாளிக்கு வைக்கும் பெயர்; இயக்குநர் தெரிந்தே அதை ஒட்டி வைத்திருக்கிறார். உள்ளூர்க்காரர்கள் பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் குடிசைக்குத் தீ வைப்பான்.

வேலைக்காகச் சில ஆண்டுகள் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தேன். தங்கியது லெனேசியாவில். நகரின் தெற்கே முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால், இந்திய வம்சாவளியினருக்கென்று நிறவொதுக்கல் அரசு ஒதுக்கிய ஊர். வீட்டுக்காரப் பாட்டியின் முன்னோர்கள் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள். பாட்டி பிறந்து வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க் நகரின் பேஜ்வியூ பகுதியில். ஃபீட்டாஸ் என்றுதான் அவர் சொல்வார். அங்கே பதினான்காவது தெரு கடைத்தெருவாக இருந்தது, துணி வாங்க ஊரே அங்கே வரும். அதையும் வெள்ளையர் பகுதியாக அறிவித்தார்கள். வியாபாரிகளுக்கு ஓரியண்டல் பிளாசா என்ற வளாகத்தைக் கட்டிக் கொடுத்து, குடும்பங்களை லெனேசியாவுக்கு அனுப்பினார்கள்.

பாட்டியின் பேரனோடு உட்கார்ந்துதான் இந்தப் படத்தைப் பார்த்தேன். பாட்டி பாதியில் வந்து உட்கார்ந்தார். விண்கலத்தையும் பூச்சி முகங்களையும் அவர் பொருட்படுத்தவில்லை. தாளை நீட்டும் காட்சியில் மட்டும் பேரனிடம் நிறுத்தச் சொன்னார். தங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரியும் இதே போலத்தான் நடந்துகொண்டார் என்றார். இளவயதுக்காரர். தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், தேநீர் குடித்தார், எத்தனை அறை, எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டார், புது வீட்டில் தோட்டம் போட இடம் இருக்கும் என்றார். பாட்டியின் அப்பா அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டு வந்தாராம். வந்தவர் கத்தியிருந்தால் அப்பா எதிர்த்துப் பேசியிருப்பார் என்று பாட்டி நம்பினார்.

படத்தில் கிறிஸ்டோபர் ஜான்சன் என்ற வேற்றுக்கோளவாசி மட்டும் நோட்டீசைப் படித்துப் பார்த்து, இது சட்டப்படி செல்லாது என்கிறான். உடனே விக்கஸ் என்ன செய்கிறான்? மிரட்டவில்லை. குடிசையைச் சுற்றிப் பார்க்கிறான், பிள்ளையைப் பார்க்கிறான், குழந்தை வளர இது தகுந்த இடமாகத் தெரியவில்லையே, குழந்தைகள் நலத்துறைக்குச் சொல்ல வேண்டியிருக்குமே என்கிறான். பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வேன் என்பதை இதைவிடக் கனிவாகச் சொல்ல முடியாது. எனக்கு முழுப் படத்திலும் மிகக் கொடுமையான இடம் இதுதான். பின்னால் வரும் எந்த வெடிப்பும் இதற்கு ஈடாகவில்லை.

மார்ச் 7

இப்போது நைஜீரியர்கள்.

படத்தில் அவர்கள் வருவது டிஸ்ட்ரிக்ட் 9க்குள், வேற்றுக்கோளவாசிகள் அடிமைப்பட்டுக் கிடக்கும் பூனை உணவைக் கொள்ளை விலைக்கு விற்று, பதிலுக்கு ஆயுதம் வாங்கும் கும்பலாக. தலைவன், வேற்றுக்கோளவாசியின் சதையைத் தின்றால் அவர்களது துப்பாக்கி தனக்கு இயங்கும் என்று நம்புகிறான். அவன் பெயர் ஒபெசான்ஜோ. நைஜீரியாவின் அதிபராக 1999 முதல் 2007 வரை இருந்தவர் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ. இந்த ஒற்றுமை தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

2009 செப்டம்பரில் நைஜீரியத் தகவல் அமைச்சர் டோரா அகுன்யிலி படத்தை நிறுத்தும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார், சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். ‘அரசியல்வாதிகளுக்கு எதற்கெடுத்தாலும் மனம் புண்படும்’ என்று இங்கே ஒருவர் ஒதுக்கிவிட்டுப் போனார். அகுன்யிலி யார் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். போலி மருந்து வணிகத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியவர், அதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிர் தப்பியவர். தன் நாட்டில் இருக்கும் குற்றவாளிகளை மறைப்பவர் அல்லர். அவர் கோபப்பட்டது, ஒரு முழு நாட்டுக்கும் படத்தில் இருந்த ஒரே முகம் அதுவாக இருந்ததால்தான்.

படத்தைக் காப்பாற்ற இரண்டு வாதங்கள் வந்திருக்கின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் அப்படிப்பட்ட கும்பல்கள் உண்மையில் உண்டு என்பது ஒன்று. வேற்றுக்கோளவாசிகளைப் பற்றியும் படத்தின் மனிதர்கள் இதையேதான் சொல்கிறார்கள்: திருடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், குப்பையைக் கிளறுகிறார்கள். அது முழுப் பொய்யுமல்ல, நாமே திரையில் பார்க்கிறோம். ஆனால் அதோடு விடாமல், கிறிஸ்டோபரின் குடிசைக்குள் கூட்டிப்போய் அவன் பிள்ளையோடு பேசுவதைக் காட்டுகிறார் இயக்குநர். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு நம்மால் அவனைக் கூட்டத்தில் ஒருவனாகப் பார்க்க முடிவதில்லை. நைஜீரியர்களில் ஒருவருக்காவது இதைச் செய்தாரா? விக்கஸுக்கு வீடும் மனைவியும் தாயும் உண்டு. பூச்சி முகத்தவனுக்கு மகன் உண்டு. மனிதர்களான இவர்களுக்கு ஒன்றும் இல்லை.

எல்லோரையும் கேலி செய்யும் படம், அதில் இதுவும் ஒன்று என்பது இரண்டாவது வாதம். என் அலுவலகத்தில் ஒரு நைஜீரியக் கணக்காளர் இருந்தார். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் உட்கார்ந்து என் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்தவர். படம் ஓடிய காலத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் அவரிடம் மதிய உணவு நேரத்தில் பூனை உணவு எங்கே கிடைக்கும் என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு அவர் உணவறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கேலி எல்லோர் மீதும் ஒரே எடையோடு விழுவதில்லை. வெளியே குடியேறிகளின் கடை எரிக்கப்படும் ஊரில் அது யார் மீது விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் பதில்: ஆம், எதைக் கண்டிக்கிறதோ அதையே இந்தப் படம் செய்கிறது. முதல் அரை மணி நேரத்தின் உண்மை இதற்கு மன்னிப்பாக முடியாது. இந்தத் தவறு அந்த அரை மணி நேரத்தை அழித்துவிடவும் இல்லை.

மார்ச் 7, பின்னிரவு

கனமாகப் போய்விட்டது. அந்த வேற்றுக்கோள மொழியின் ‘கடக் கடக்’ ஒலி எப்படி வந்தது என்று கேட்டிருந்தாரே ஒருவர்: பூசணிக்காயைத் தேய்த்து உண்டாக்கினார்களாம். இதைச் சொன்னதிலிருந்து என் மகள் சமையலறையில் பூசணியை விட்டுவைப்பதில்லை.

மார்ச் 9

‘வேற்றுக்கோளவாசிகள் என்றால் கறுப்பின மக்கள், மனித நிறுவனம் என்றால் வெள்ளை அரசு’ என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பலர் எழுதுகிறார்கள். அப்படிப் பொருத்தினால் படத்தின் பாதி கைநழுவிப் போகும்.

தொடக்கத்தில் பேட்டி கொடுப்பவர்களைக் கவனியுங்கள். இவர்களை அனுப்பிவிடுங்கள், எங்களுக்கு வேலை இல்லை, எங்கள் பொருள்களைத் திருடுகிறார்கள் என்று சொல்பவர்களில் பலர் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர்கள். இதே கதையைக் குறும்படமாக முன்னர் எடுத்தபோது, ப்ளோம்காம்ப் தெருவில் இருந்தவர்களிடம் வேற்றுக்கோளவாசிகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஜிம்பாப்வே, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து வந்த குடியேறிகளைப் பற்றிக் கேட்டார். அவர்கள் உண்மையாகவே சொன்ன பதில்களை எடுத்துப் படத்தில் வைத்தார். கேள்வியை மாற்றினால் போதும், பதில்கள் அப்படியே பொருந்தின.

பிறகு 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் குடியேறிகள் மீது தொடங்கிய தாக்குதல்கள் நாடு முழுவதும் பரவி, 62 பேர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்களே. அயலான் என்று அடையாளம் கண்டு அடித்தவர்களுக்கு, அயலான் யார் என்றே தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்தில்தான் சொவெட்டோவின் சியாவெலோவில் படப்பிடிப்பு. குளிர்காலம் அங்கே மழையில்லாக் காலம். புல் காய்ந்து, புழுதியும் கரிப்புகையுமாக இருக்கும். படத்தின் அந்தச் சாம்பல் நிறம் அந்த ஊரின் ஜூலை மாதம்.

ஒரு செய்தி என்னை இன்னும் உறுத்துகிறது. திரையில் தெரியும் குடிசைகளில் பெரும்பாலானவை செட் அல்ல. சியாவெலோவின் மக்கள் அப்போது அரசு கட்டிய வீடுகளுக்கு மாற்றப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன குடிசைகளில்தான் படம் எடுத்தார்கள். வெளியேற்றத்தைப் பற்றிய படத்துக்கு உண்மையான வெளியேற்றமே களம் கொடுத்திருக்கிறது. நல்ல வீடு கிடைத்துப் போனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். இருந்தாலும், கேமரா உள்ளே போகும்போது சுவரில் ஒட்டியிருக்கும் பழைய தாள்களைப் பார்த்தால் அவற்றை ஒட்டிய கைகள் எங்கே போயின என்ற நினைவு வந்துவிடுகிறது.

மார்ச் 11

பூச்சி முகத்தவனுக்குக் ‘கிறிஸ்டோபர் ஜான்சன்’ என்ற பெயர் எப்படி வந்தது, திரைக்கதையில் ஓட்டை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓட்டை இல்லை. பதிவேட்டில் எழுத அலுவலகத்துக்கு ஒரு பெயர் வேண்டும், எழுதுபவர் வாயில் நுழையும் பெயராக இருக்க வேண்டும். நெல்சன் மண்டேலாவின் இயற்பெயர் ரோலிஹ்லாஹ்லா. பள்ளிக்குப் போன முதல் நாள் ஆசிரியை வைத்த பெயர்தான் நெல்சன். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலின் தொழிலாளர்களுக்குப் பதிவேட்டில் ஆளுக்கொரு எண் இருந்தது. படம் இதை விளக்காமல் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

மார்ச் 12

இரண்டாம் பாதியைப் பற்றி. முதல் நாள் இதற்கு நான் பதில் எழுதாததைக் கேள்வி கேட்டவர் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

ஆவணப்பட பாணியை விட்டுவிட்டு வழக்கமான அதிரடிக்குப் போய்விட்டது என்ற குறை படம் வந்தபோதே எழுந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த வாரம் மறுபடி பார்த்தபோது சண்டை அவ்வளவு உறுத்தவில்லை. வேறொன்று உறுத்தியது. குடிசையில் கிடைத்த கறுப்புத் திரவம் பட்டு விக்கஸின் கை வேற்றுக்கோளவாசியின் கையாக மாறிய பிறகுதான் நாம் அழத் தொடங்குகிறோம். நிறுவனத்தின் ஆய்வகத்தில் பல வேற்றுக்கோளவாசிகளின் உடல்கள் அறுத்துக் கிடக்கின்றன. கிறிஸ்டோபர் அவற்றைப் பார்த்து உறைந்து நிற்கும் கணம் மிகச் சிறியது. விக்கஸின் வலிக்கோ முழுப் படமும் இருக்கிறது. வெள்ளையன் ஒருவன் உள்ளே போனால்தான் முகாமின் கொடுமை நமக்குப் புரியுமா என்று கோபத்தோடு எழுதியவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் விக்கஸைத் தியாகி என்று எழுதியவர்களோடு ஒத்துப்போக மாட்டேன். அவன் திருந்துவதே இல்லை, கிட்டத்தட்ட கடைசி வரை. குணமாக்க மூன்று ஆண்டுகள் ஆகும் என்று கிறிஸ்டோபர் சொன்னதும் அவன் தலையில் அடித்துப் போட்டுவிட்டுத் தானே கலத்தைக் கிளப்பப் பார்க்கிறான். இயந்திர உடைக்குள் புகுந்த பிறகும் முதலில் தப்பித்து ஓடுகிறான். அதன் பிறகே திரும்பி வருகிறான். தன் உடம்பே மாறிய பிறகும் மனம் மாற இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று காட்டியது நேர்மை. இடையில் பேட்டி கொடுத்த, விக்கஸிடம் வேலை பழகிய ஃபுண்டிஸ்வா நிறுவனத்தின் சட்டவிரோதச் சோதனைகளை வெளியே சொல்லிவிட்டுச் சிறையில் இருக்கிறார் என்ற செய்தி கடைசியில் சில நொடிகளில் போய்விடும். தன் உடம்பில் எந்த மாற்றமும் நேராமல், பார்த்ததை மட்டும் வைத்து மனம் மாறியவர் அவர் ஒருவரே. அவரைப் பற்றி யாரும் இங்கே ஒரு வரி எழுதவில்லை.

மார்ச் 15

‘இந்தக் காலத்தில் தனியார் நிறுவனம் இப்படி நோட்டீஸ் கொடுத்து வெளியேற்ற முடியுமா?’ முடியக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, எல்லாச் சூழ்நிலைகளையும் பரிசீலித்த நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்கிறது. 1998இல் வந்த சட்டத்தின்படி, விசாரணைக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். புல்டோசரைப் பார்த்து வளர்ந்தவர்கள் எழுதிய சட்டம் அது, வரிக்கு வரி அது தெரியும். ஆனால் ஆணை வந்த பிறகு ஜோகன்னஸ்பர்க்கின் பழைய கட்டடங்களைக் காலி செய்ய வருபவர்கள் பெரும்பாலும் தனியாரிடம் கூலிக்கு வேலை செய்பவர்கள். சிவப்பு உடை அணிந்த அவர்களைச் சிவப்பு எறும்புகள் என்பார்கள். அவர்களும் ஏழைகள்தான். படத்தில் இல்லாத கதாபாத்திரம் இது, இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 20

இரண்டாம் பாகம் வருமா என்று கேட்பவர்களுக்கு: திரைக்கதை எழுதப்படுகிறது என்று 2021 பிப்ரவரியில் ப்ளோம்காம்ப் அறிவித்தார். அதே ஆண்டில் சொவெட்டோவில் ‘ஆபரேஷன் டுடுலா’ என்ற இயக்கம் தொடங்கியது. குடியேறிகளை வெளியேற்ற வேண்டும் என்று கடைகளுக்கும் மருத்துவமனை வாசல்களுக்கும் போய் நிற்பவர்கள். அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். அரசு ஆணை இல்லை, கையில் தாள்கட்டுகூட இல்லை.

படம் வருவதாக இருந்தால் எனக்கு விண்கலம் திரும்பி வருவதில் பெரிய ஆர்வம் இல்லை. நோட்டீஸ் கொடுக்கப் போகும் தெருவில் ஒரு நைஜீரியரின் கடையும் இருக்கட்டும். கேமரா அவர் கடைக்குள் போகட்டும். கல்லாவுக்குப் பின்னால் அவர் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கட்டும், அவளிடம் அவர் என்ன பேசுகிறார் என்பதை முழுதாகக் கேட்க விடட்டும். அதன் பிறகு கதவைத் தட்டுபவன் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.